வங்கி நோட்டீஸ் வந்துவிட்டதா? எந்த வக்கீலைப் பார்ப்பது, எவ்வளவு செலவாகும், எதை எதிர்பார்க்கலாம்? முழு விவரம்

வீட்டுக் கடன் தவணை மூன்று மாதம் நின்றுபோனால், அடுத்து வீட்டுக்கு வருவது பதிவுத் தபால். "60 நாட்களுக்குள் மொத்தக் கடனையும் கட்ட வேண்டும், தவறினால் சொத்து கையகப்படுத்தப்படும்" என்று அதில் இருக்கும். அதைப் படித்த பல குடும்பங்கள் இரண்டில் ஒன்றைச் செய்கின்றன. ஒன்று, நோட்டீஸை பீரோவில் வைத்துவிட்டு "பார்த்துக்கலாம்" என்று இருந்துவிடுகிறார்கள். இல்லையென்றால், ஊரில் தெரிந்த வக்கீலிடம் ஓடுகிறார்கள்.

வக்கீலிடம் போவது சரிதான். ஆனால் எந்த வக்கீல் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பாகப்பிரிவினை வழக்கிலும் பட்டா பிரச்சினையிலும் கெட்டிக்காரராக இருப்பவர், வங்கிக் கடன் வழக்கில் அனுபவம் இல்லாதவராக இருக்கலாம். அவர் பழக்கப்படி உள்ளூர் சிவில் கோர்ட்டில் தடை கேட்டு மனுப் போட்டால் அது நிற்காது. சர்ஃபேசி சட்டத்தின் 34-வது பிரிவு, சிவில் நீதிமன்றம் இந்த விஷயத்தில் தலையிடக் கூடாது என்கிறது. மனு தள்ளுபடியாகி வெளியே வருவதற்குள், சரியான இடத்தில் மனுப் போடுவதற்கான 45 நாள் கெடு முடிந்துவிடும். வங்கி வழக்குகளில் பலர் வீட்டை இழப்பது இப்படித் தவறான இடத்தில் நாட்களைத் தொலைப்பதால்தான்.

அதனால் வக்கீலைத் தேடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. கையில் இருக்கும் காகிதம் எந்த மன்றத்துக்கு உரியது? கெடு எந்தத் தேதியில் முடிகிறது?

எந்தக் காகிதத்துக்கு எந்த மன்றம்?

"பேங்க் நோட்டீஸ்" என்று ஒரே பெயரில் சொன்னாலும், அவை எல்லாம் ஒன்றல்ல.

13(2) நோட்டீஸ்: சொத்தை அடமானம் வைத்து வாங்கிய கடனுக்கு, 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின் கீழ் வங்கி அனுப்புவது. தலைப்பிலேயே பிரிவு எண் இருக்கும். இதன் அடுத்த கட்டங்கள் டி.ஆர்.டி. எனப்படும் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் நடக்கும்.

டி.ஆர்.டி. சம்மன்: 20 லட்சம் ரூபாய்க்குக் குறையாத கடனை வசூலிக்க வங்கியே தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டால் இது வரும். சம்மன் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தாக்கல் செய்ய வேண்டும். கூடுதலாக 15 நாள் வரைதான் அவகாசம் கேட்க முடியும்.

சிவில் கோர்ட் சம்மன்: 20 லட்சத்துக்குக் குறைவான கடனுக்கு வங்கி பணம் கேட்டுப் போடும் வழக்கு. இதற்கு ஊரில் உள்ள சிவில் வக்கீலே போதும்.

செக் பவுன்ஸ் நோட்டீஸ்: மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு. இது மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடக்கும் குற்ற வழக்கு. நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் வழக்கு வராது. கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்குத் தொடரலாம். குற்றம் நிரூபணமானால் 2 ஆண்டு வரை சிறையோ, செக் தொகையின் இரண்டு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இதற்கு கிரிமினல் வழக்கு நடத்தும் வக்கீல் தேவை.

ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ்: வாகனக் கடன், தனிநபர் கடன் ஆகியவற்றில் நிதி நிறுவனங்கள் நடுவர் மூலம் வசூலிக்கப் பார்ப்பது. வேறு மாநிலத்து முகவரியில் இருந்து வந்தாலும் இதை ஒதுக்கிவிடக் கூடாது. வழக்கில் லாபநஷ்டம் உள்ள ஒரு தரப்பு தானாகவே நடுவரை நியமிக்க முடியாது என்று 2019-இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த ஆட்சேபத்தை உரிய நேரத்தில் எழுத்தில் எழுப்பினால்தான் பயன் உண்டு.

நகைக் கடன் ஏல நோட்டீஸ்: அடகு நகைக்கு சர்ஃபேசி சட்டம் பொருந்தாது. ஏலத்துக்கு முன் நோட்டீஸ் தந்தார்களா, ஏலத் தொகையில் கடன் போக மிச்சத்தைத் திருப்பித் தந்தார்களா என்பவைதான் இங்கே கேள்விகள். புகார் போக வேண்டிய இடம் வங்கி, ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மேன், நுகர்வோர் ஆணையம்.

சர்ஃபேசி காலண்டர்: நாட்களை எப்படி எண்ணுவது?

வீடு, கடை, தொழிற்கூடம் அடமானத்தில் இருப்பவர்களைப் பயமுறுத்துவது இந்தச் சட்டம்தான். கோர்ட்டுக்குப் போகாமலேயே சொத்தை எடுத்து விற்கும் அதிகாரத்தை இது வங்கிக்குத் தருகிறது. ஆனால் ஒவ்வொரு படியிலும் கடன்காரருக்கு ஒரு வாய்ப்பும் இருக்கிறது.

90 நாள்: தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் இருந்தால் கடன் வாராக் கடனாக வகைப்படுத்தப்படும். விவசாயக் கடனுக்கு மட்டும் பயிர்ப் பருவத்தை வைத்துக் கணக்கிடுவார்கள்.

60 நாள்: 13(2) நோட்டீஸில் தரப்படும் அவகாசம். நோட்டீஸில் உள்ள தேதியில் இருந்து எண்ணுவதுதான் பாதுகாப்பு. தபால் கவரையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

15 நாள்: நோட்டீஸுக்குக் கடன்காரர் எழுத்தில் ஆட்சேபம் அனுப்பினால், வங்கி 15 நாட்களுக்குள் காரணத்துடன் பதில் தர வேண்டும். கணக்கில் தவறு, கட்டிய பணம் வரவு வைக்கப்படாதது, சொத்து விவரத்தில் பிழை போன்றவற்றைச் சொல்ல வேண்டிய இடம் இது. வக்கீல் தேவைப்படும் முதல் கட்டமும் இதுதான். பின்னால் தீர்ப்பாயத்தில் வழக்கு நடக்கும்போது இந்தப் பதில் கடிதம்தான் அடித்தளமாக இருக்கும்.

45 நாள்: 60 நாள் முடிந்ததும் வங்கி சுவாதீன நோட்டீஸை வீட்டுக் கதவில் ஒட்டும், நாளிதழிலும் வெளியிடும். அந்த நடவடிக்கையில் இருந்து 45 நாட்களுக்குள் 17-வது பிரிவின் கீழ் டி.ஆர்.டி.யில் மனுப் போட வேண்டும். 60 நாள் நோட்டீஸ் வந்தவுடனேயே டி.ஆர்.டி.க்குப் போக முடியாது. வங்கி அடுத்த நடவடிக்கை எடுத்த பிறகுதான் அந்த உரிமை பிறக்கிறது.

30 நாள்: சொத்தை ஏலம் விட வங்கி 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு கட்டமும் உண்டு. முழுப் பணத்தையும் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமை ஏல நாள் வரை இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். 2016-இல் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் அந்த உரிமை உண்டு என்று 2023-இல் பஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. "ஏலத்துக்கு முந்தின நாள் கட்டிக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடக் கூடாது.

சட்டமே பொருந்தாத கடன்களும் இருக்கின்றன. விவசாய நிலத்தின் மீதான அடமானம், ஒரு லட்சத்துக்கு மிகாத கடன், அசலும் வட்டியும் சேர்த்ததில் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே பாக்கி இருக்கும் கடன் ஆகியவற்றுக்கு சர்ஃபேசி நடவடிக்கை எடுக்க முடியாது. நிலம் விவசாய நிலமா என்பதைப் பத்திரத்தில் எழுதியிருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, உண்மையில் அது எப்படிப் பயன்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் இருந்து சென்ற ஒரு வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வக்கீல் முதலில் பார்க்க வேண்டிய விஷயங்கள் இவை.

வக்கீலே தேவைப்படாத பிரச்சினைகள் எவை?

எல்லாவற்றுக்கும் வக்கீல் ஃபீஸ் கொடுக்க வேண்டியதில்லை. கேட்காமலே காப்பீட்டுப் பணம் பிடித்தது, சேவைக் கட்டணம் கூடுதலாக வசூலித்தது, கடன் அடைத்த பிறகும் பத்திரம் தராமல் இழுத்தடிப்பது போன்ற புகார்களை ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனிடம் இலவசமாகக் கொண்டுபோகலாம்.

வழி எளிது. முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். இணையதளத்தில் பதிவு செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. இங்கே வக்கீல் மூலம் புகார் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள். அதே விஷயம் ஏற்கனவே கோர்ட்டில் இருந்தாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவசரப்பட்டு வழக்குப் போட்டுவிட்டால் இந்த இலவசக் கதவு மூடிவிடும்.

கடன் முழுதாக அடைந்த 30 நாட்களுக்குள் சொத்துப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பதும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் விதி. 2023 டிசம்பர் 1 முதல் இது அமலில் இருக்கிறது. கடனை வசூலிக்கும் ஏஜென்ட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது என்றும் விதி இருக்கிறது. புகாரில் இவற்றைக் குறிப்பிட்டாலே வங்கியின் பதில் வேறு மாதிரி வரும்.

ஆன்லைன் மோசடியில் பணம் போயிருந்தால் வக்கீலைத் தேடும் முன் 1930-க்கு அழைக்க வேண்டும், வங்கிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

சரியான வக்கீலை எங்கே தேடுவது?

தமிழ்நாட்டில் கடன் வசூல் தீர்ப்பாயம் மூன்று ஊர்களில்தான் இருக்கிறது. சென்னையில் மூன்று, கோவையில் ஒன்று, மதுரையில் ஒன்று. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சென்னையில் இருக்கிறது. அதனால் "உள்ளூர் வக்கீல்" என்றால் இந்த வழக்குகளில் அந்தத் தீர்ப்பாயத்தில் தொடர்ந்து ஆஜராகும் வக்கீல் என்றுதான் பொருள். திண்டுக்கல்லில் வீடு இருந்தாலும் வழக்கு நடக்கும் இடம் மதுரையாக இருக்கலாம். நடவடிக்கைக்கான காரணம் எழுந்த இடம், சொத்து இருக்கும் இடம், கடன் கணக்கு உள்ள கிளை இருக்கும் இடம் ஆகியவற்றை வைத்து எந்தத் தீர்ப்பாயம் என்று முடிவாகும்.

ஊர் வக்கீலை ஒதுக்கிவிட வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. அவரிடமே "டி.ஆர்.டி.யில தொடர்ந்து ஆஜராகுறவங்க யாராவது உங்களுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்பதுதான் பல நேரம் நல்ல தொடக்கம். தனக்குப் பழக்கமில்லாத வழக்கை நேர்மையான வக்கீல் சரியான ஆளிடம் அனுப்பிவைப்பார். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, ஆடிட்டர், இதே மாதிரி வழக்கை நடத்தி முடித்த வியாபாரி ஆகியோரையும் விசாரிக்கலாம். தீர்ப்பாயத்தின் இணையதளத்தில் அன்றாட வழக்குப் பட்டியல் வெளியாகிறது. வழக்கு எண் தெரிந்தால் அதன் நிலையையும் அங்கேயே பார்க்கலாம்.

தவிர்க்க வேண்டியது விளம்பரம். இந்திய பார் கவுன்சில் விதிகளின்படி வழக்கறிஞர் விளம்பரம் செய்தோ, ஆள் வைத்தோ வழக்குப் பிடிக்கக் கூடாது. "ஏலத்தை நிறுத்துகிறோம், 100 சதவீதம் கேரண்டி" என்று வாட்ஸ்அப்பில் வருபவர்கள் பெரும்பாலும் இடைத்தரகர்கள். வழக்கறிஞர் என்று சொல்பவரிடம் பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்பதில் தவறே இல்லை. சந்தேகம் இருந்தால் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் சரிபார்க்கலாம்.

முதல் சந்திப்புக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

வெறும் கையோடு போனால் முதல் சந்திப்பு கதை சொல்வதிலேயே முடிந்துவிடும். கையில் இருக்க வேண்டியவை இவை:

- நோட்டீஸ், அது வந்த கவர், கதவில் ஒட்டிய நோட்டீஸின் போட்டோ
- கடன் அனுமதிக் கடிதம், கடன் ஒப்பந்த நகல்
- கடன் தொடங்கிய நாளில் இருந்து இன்று வரையான லோன் கணக்கு விவரம்
- பணம் கட்டிய ரசீதுகள், வங்கிக் கணக்கு அறிக்கை
- சொத்துப் பத்திர நகல், வில்லங்கச் சான்று
- வங்கியோடு நடந்த கடிதம், மெயில், மெசேஜ்
- ஜாமீன் போட்டவர்களின் விவரம்

இதோடு ஒரு தாளில் தேதி வாரியாக நடந்ததை எழுதிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. மறைக்கக் கூடாத விஷயங்களும் உண்டு. அதே சொத்தில் வேறு கடன், குடும்பத்துக்குள் பாகத் தகராறு, வாடகைக்கு இருப்பவர், ஏற்கனவே வங்கிக்கு எழுதிக்கொடுத்த உறுதிக் கடிதம் ஆகியவற்றை வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் சொல்லித் தன் வக்கீலுக்குத் தெரிய வந்தால் வழக்கே ஆட்டம் காணும்.

வக்கீலிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

"கேட்டா கோபப்படுவாரோ" என்ற தயக்கம் வேண்டாம். கீழே உள்ளவை எல்லாம் நியாயமான கேள்விகள்.

"சார், நீங்க இந்த பேங்க்கோட பேனல்ல இருக்கீங்களா?" வங்கிகள் தங்கள் வழக்குகளுக்கு வழக்கறிஞர் பட்டியல் வைத்திருக்கின்றன. எதிர்த்தரப்போடு தொடர்பு இருந்தால் அதைக் கட்சிக்காரரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது வழக்கறிஞரின் கடமை.

"டி.ஆர்.டி.யில இந்த மாதிரி வழக்கு நடத்தியிருக்கீங்களா? நீங்களே ஆஜராவீங்களா, ஜூனியர் வருவாரா?"

"நம்ம கெடு எந்தத் தேதியில முடியுது?" இதற்கு நோட்டீஸைப் பார்த்துவிட்டு ஒரு தேதியைச் சொல்ல முடியாதவரிடம் வழக்கைக் கொடுப்பது ஆபத்து.

"நம்ம பக்கம் பலவீனம் என்ன?" பலவீனமே இல்லை என்று சொல்பவரைவிட, இரண்டு பலவீனத்தை எடுத்துச் சொல்பவர் நம்பகமானவர்.

"நேரா ஹைகோர்ட்டுக்குப் போகலாமா?" டி.ஆர்.டி. என்ற வழி இருக்கும்போது உயர் நீதிமன்றம் ரிட் மனுவை எளிதில் ஏற்கக் கூடாது என்று 2010-இல் சத்யவதி டாண்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. விதிவிலக்குகள் உண்டு. ஆனால் வக்கீல் ரிட் போடலாம் என்றால், ஏன் என்று காரணம் கேட்க வேண்டும்.

எவ்வளவு செலவாகும்?

செலவை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வக்கீல் ஃபீஸ், தீர்ப்பாயக் கட்டணம், தீர்ப்பாயம் கட்டச் சொல்லும் தொகை.

வக்கீல் ஃபீஸுக்கு நிலையான விலைப்பட்டியல் கிடையாது. பதில் நோட்டீஸுக்குத் தனியாக, மனுவுக்குத் தனியாக, ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனியாக வாங்குபவர்கள் உண்டு. மொத்தமாகப் பேசி, கட்டம் கட்டமாக வாங்குபவர்களும் உண்டு. எதில் எது அடங்கும், டைப்பிங், ஜெராக்ஸ், பயணச் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கேட்க வேண்டும். முடிந்தால் வங்கிக் கணக்கு மூலமே கட்ட வேண்டும்.

"ஜெயிச்சா இத்தனை சதவீதம் கொடுங்க, தோத்தா ஒண்ணும் வேண்டாம்" என்ற ஏற்பாட்டுக்கு இந்தியாவில் இடமில்லை. வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன.

தீர்ப்பாயக் கட்டணம் விதிகளிலேயே உள்ளது. 17-வது பிரிவின் கீழ் கடன்காரர் போடும் மனுவுக்கு, கடன் 10 லட்சத்துக்குக் கீழே என்றால் ஒவ்வொரு லட்சத்துக்கும் 500 ரூபாய். 10 லட்சமும் அதற்கு மேலும் என்றால் 5,000 ரூபாயோடு, கூடுதலாக உள்ள ஒவ்வொரு லட்சத்துக்கும் 250 ரூபாய். உச்ச வரம்பு ஒரு லட்சம். அதாவது 25 லட்சம் பாக்கி உள்ளவருக்கு 8,750 ரூபாய் வரும். இதைவிடப் பல மடங்கு "கோர்ட் ஃபீஸ்" என்று யாராவது கேட்டால் கணக்குக் கேட்கலாம்.

மூன்றாவதுதான் பெரிய தொகை. மனுப் போட்டாலே ஏலம் நின்றுவிடாது. இடைக்காலத் தடை தனியாக வாங்க வேண்டும். தடை தரும்போது பாக்கியில் ஒரு பகுதியைக் குறிப்பிட்ட தேதிக்குள் கட்டச் சொல்லி தீர்ப்பாயம் நிபந்தனை விதிப்பது வழக்கம். அந்தத் தேதியில் கட்டாவிட்டால் தடை போய்விடும். "தடை கிடைச்சா எவ்வளவு கட்டச் சொல்வாங்க, அந்தப் பணத்துக்கு வழி இருக்கா?" என்று வக்கீலும் கட்சிக்காரரும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். மேல்முறையீட்டுக்குப் போனால் இன்னும் கனம். 30 நாட்களுக்குள் போக வேண்டும். கடன்காரர் பாக்கித் தொகையில் 50 சதவீதத்தை முன்பணமாகக் கட்ட வேண்டும். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை 25 சதவீதம் வரை குறைக்கலாம், அதற்குக் கீழே போக முடியாது.

வழக்கில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது?

நல்ல வக்கீல் முதல் நாளிலேயே சொல்லும் விஷயம் ஒன்று: கடன் வாங்கியது உண்மை என்றால், வழக்கு அந்தக் கடனை அழிக்காது. வங்கி சட்டப்படி நடந்ததா என்பதைத்தான் தீர்ப்பாயம் பார்க்கும். நோட்டீஸ் முறையாகக் கிடைத்ததா, ஆட்சேபத்துக்குப் பதில் தந்தார்களா, சொத்தை நியாயமாக மதிப்பிட்டார்களா, ஏலத்துக்கு 30 நாள் அவகாசம் தந்தார்களா என்பவை கேள்விகள். தவறு நிரூபணமானால் வங்கியின் நடவடிக்கை ரத்தாகும், சொத்து திரும்பக் கிடைக்கும். ஆனால் வங்கி முறைப்படி மறுபடி தொடங்கலாம்.

17-வது பிரிவு மனுவை 60 நாட்களில் முடிக்க வேண்டும், அதிகபட்சம் நான்கு மாதம் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேலும் இழுக்கும். வாய்தாக்கள் வரும். அந்த இடைவெளியைச் சும்மா விடாமல் வங்கியோடு பேச்சு நடத்துவதுதான் கெட்டிக்காரத்தனம். வட்டியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து ஒரே தவணையில் கணக்கை முடிக்கும் ஓ.டி.எஸ்., தவணையை மாற்றி அமைப்பது, வங்கியின் அனுமதியோடு சொத்தைத் தானே நல்ல விலைக்கு விற்றுக் கடனை அடைப்பது என்று வழிகள் உண்டு. ஓ.டி.எஸ். என்பது உரிமை அல்ல, வங்கியின் முடிவு. ஒப்புக்கொண்ட தேதியில் பணம் கட்டாவிட்டால் பேசியது எல்லாம் வீணாகும். எதையும் வாய்வார்த்தையாக விடாமல், வங்கியின் கடிதம் கைக்கு வந்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

ஏலம் நடந்துவிட்டாலும் கணக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது. கடனும் செலவும் போக மீதி இருந்தால் அது சொத்துக்காரருக்குச் சேர வேண்டும். குறைந்தால் மிச்சத்தைக் கேட்டு வங்கி வழக்குப் போடலாம். ஜாமீன் கையெழுத்துப் போட்டவருக்கும் இது பொருந்தும். "அவர்கிட்ட முதல்ல வாங்குங்க" என்று ஜாமீன்தாரர் சொல்ல முடியாது. கடன்காரரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் அவருக்கும் உண்டு. அதனால் ஜாமீன்தாரரும் தனக்கு வந்த நோட்டீஸைத் தனியாக வக்கீலிடம் காட்ட வேண்டும்.

இந்த ஆலோசனைகள் வந்தால் உஷார்

"சொத்தை உடனே மச்சான் பேருக்கு எழுதி வெச்சிடுங்க": 13(2) நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அந்தச் சொத்தை விற்கவோ, குத்தகைக்கு விடவோ சட்டம் தடை விதிக்கிறது.

"தபாலை வாங்காதீங்க, திருப்பி அனுப்பிடுங்க": நோட்டீஸை வாங்க மறுத்தால் வங்கி ஒட்டியும் பத்திரிகையில் வெளியிட்டும் சார்வு செய்யும். நாட்கள் ஓடிக்கொண்டே இருக்கும். போவது பதில் சொல்லும் வாய்ப்புதான்.

"வெறும் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க": வக்காலத்தைத் தவிர, படித்துப் பார்க்காத எதிலும் கையெழுத்து வேண்டாம். வக்காலத்திலும் வழக்கு விவரம் நிரப்பியிருக்க வேண்டும்.

"மேனேஜர் நம்ம ஆளு, கொஞ்சம் கவனிச்சா முடிஞ்சிடும்": லஞ்சம் கொடுப்பதும் குற்றம். சுவாதீனத்துக்கு உதவி கேட்டு வங்கி மாவட்ட ஆட்சியரிடமோ, தலைமை நீதித்துறை நடுவரிடமோ மனுப் போட்டுவிட்டால், விஷயம் மேனேஜர் கையைவிட்டுப் போய்விடும்.

வக்கீல் சரியாகக் கவனிக்கவில்லை என்றால்?

வக்கீலை மாற்றும் உரிமை கட்சிக்காரருக்கு உண்டு. பழைய வக்கீலிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கிப் புது வக்கீல் வக்காலத்துப் போடுவது வழக்கம். "ஃபீஸ் பாக்கி இருக்கு, கட்டு தர மாட்டேன்" என்று வழக்குக் காகிதங்களைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பாக்கி ஃபீஸை அவர் தனியாக வசூலிக்கலாம்.

வக்கீல் மீது நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போட முடியாது. வழக்கறிஞர் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியது. தொழில்முறைத் தவறுக்கு மாநில பார் கவுன்சிலில்தான் புகார் தர வேண்டும். அந்தப் புகார் முடிவதற்குக் காத்திருக்காமல், கெடு தவறாமல் வழக்கைக் காப்பாற்ற வேறு வக்கீலை அமர்த்துவதே முதல் வேலை.

ஃபீஸ் கொடுக்க வசதி இல்லாதவர்கள்?

1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள், வருமான வரம்புக்குள் இருப்பவர்கள் ஆகியோருக்கு இலவச வக்கீல் உண்டு. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. வீடு மனைவி பெயரிலோ, அம்மா பெயரிலோ இருந்து, நோட்டீஸும் அவர் பெயருக்கு வந்திருந்தால் அவரே விண்ணப்பிக்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். உதவி எண் 15100.

அதே ஆணைக்குழுக்கள் நடத்தும் லோக் அதாலத்தில் வங்கிக் கடன்கள் பேசித் தீர்க்கப்படுகின்றன. அங்கே கட்டணம் இல்லை. ஆனால் சமரசத்தில் கையெழுத்துப் போட்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன் மீது அப்பீல் கிடையாது. கட்ட முடியாத தொகைக்கு அவசரத்தில் தலையாட்டிவிட்டு வரக் கூடாது.

நோட்டீஸ் வந்த அன்றே செய்ய வேண்டியவை நான்குதான். நோட்டீஸின் தேதியையும் பிரிவு எண்ணையும் குறித்துக்கொள்வது, 60-வது நாள் எது என்று காலண்டரில் வட்டமிடுவது, வங்கியில் முழு லோன் கணக்கைக் கேட்டு எழுதிக்கொடுப்பது, அந்த வாரத்துக்குள் டி.ஆர்.டி. அனுபவம் உள்ள வக்கீலைப் பார்ப்பது. முதல் வாரத்தில் வருபவருக்கு வக்கீலால் பதில் எழுதவும், வங்கியோடு பேசவும், தேவைப்பட்டால் தடை கேட்கவும் முடியும். ஏல அறிவிப்பு பேப்பரில் வந்த பிறகு வருபவருக்கு அந்த வழிகளில் பலவும் அடைபட்டிருக்கும்.